வின்குலின் அளவைச் சேர்மங்களால் கூட்டுவதும் குறைப்பதும்: சிறிய செல் வளர்ப்பு ஆய்வகத்துக்கான செய்முறை

வின்குலின் என்பது செல் வெளியே ஒட்டும் இடங்களை அதன் உள்ளிருக்கும் ஆக்டின் சட்டகத்தோடு இணைக்கும் புரதம். ஒரு சேர்மத்தைச் செல்களுக்குக் கொடுத்து, மறுநாள் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடி கொண்டு பட்டையாகக் காட்டும் முறை) செய்து, வின்குலின் பட்டை தடித்திருப்பதைப் பார்த்து, அதன் கீழே சமமாகத் தெரியும் பீட்டா ஆக்டின் பட்டையைச் சான்றாக வைத்து, ‘இச்சேர்மம் வின்குலின் உற்பத்தியைக் கூட்டுகிறது’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவது பரவலான வழக்கமாக இருக்கிறது. அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு படத்தைக் கொண்டு அதைச் சொல்ல இயலாது. வின்குலின் மரபணுவை இயக்கும் அதே பொறியமைப்புதான் பீட்டா ஆக்டின் மரபணுவையும் இயக்குகிறது. ஆகவே அளவுகோலாக நாம் வைத்த பட்டையே சேர்மத்தால் ஏறியிருக்கக்கூடும், இறங்கியிருக்கக்கூடும். அதோடு, செல் சட்டகத்தோடு இறுகப் பிணைந்திருக்கும் வின்குலின் மென்மையான சோப்புக் கரைசலில் கரைவதில்லை. அது வண்டலோடு போய்விட்டால், புரதம் இடம் மாறியதையே புரதம் குறைந்ததாக நாம் படித்துவிடுவோம்.

இந்த இரண்டு பிழைகளுக்கும் இடம் கொடாமல் ஒரு சோதனையை எப்படித் திட்டமிடுவது, எப்படிச் செய்வது, வந்த முடிவை எப்படிப் படிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் முதுநிலையும் ஆய்வுப் படிப்பும் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஒரு லேமினார் ஹூட், ஒரு கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், ஒரு தலைகீழ் நுண்ணோக்கி, ஒரு ஜெல் பெட்டி, எங்கேனும் பகிர்ந்துகொள்ளக் கிடைக்கும் ரியல் டைம் பிசிஆர் கருவி, இவை இருந்தால் போதும்.

எதைக் கட்டுப்படுத்துகிறோம்

செல்லுக்கு வெளியே இருக்கும் ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களை, செல் சவ்வைத் துளைத்து நிற்கும் இன்டெக்ரின்கள் பற்றிக்கொள்கின்றன. இன்டெக்ரினின் உட்புற வாலில் டாலின் என்னும் புரதம் ஒட்டுகிறது. டாலின் இழுபடும்போது அதனுள் மடிந்து மறைந்திருந்த இடங்கள் திறக்க, அங்கே வின்குலினின் தலைப்பகுதி வந்து அமர்கிறது. அதன் வால்பகுதி ஆக்டின் இழையைப் பிடித்துக்கொள்கிறது. 1979இல் பெஞ்சமின் கைகர் கோழியின் அரைவை இரைப்பைத் தசையிலிருந்து பிரித்தறிந்த இப்புரதம் 1066 அமினோ அமிலங்களால் ஆனது. ஜெல்லில் ஏறத்தாழ 117 கிலோடால்டன் இடத்தில் தெரியும். தசைச் செல்களில் 68 அமினோ அமிலங்கள் கூடுதலாகக் கொண்ட மெட்டாவின்குலின் என்ற வடிவமும் உண்டு என்பதால், மென்தசைச் செல்களில் வேலை செய்பவர்கள் மேலே இரண்டாவது பட்டை கண்டால் அதை அழுக்கென்று தள்ளிவிடக் கூடாது.

வின்குலின் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை முடிவு செய்யும் வழிகளுள் மிக நன்றாக ஆராயப்பட்டது ஆக்டினைச் சார்ந்த வழி. ஆக்டின் செல்லுக்குள் தனி அலகாகவும் இழையாகவும் இருக்கிறது. எம்ஆர்டிஎஃப் என்னும் புரதம் தனி அலகுகளோடு பிணைந்தபடி பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் கிடக்கும். சீரம் போன்ற தூண்டல் வந்ததும் ரோ என்னும் சிறு புரதம் விழித்து, இழைகள் பெருகி, தனி அலகுகளின் இருப்பு குறைகிறது. அப்போது விடுபடும் எம்ஆர்டிஎஃப் உட்கருவுக்குள் சேர்ந்து, எஸ்ஆர்எஃப் என்ற மரபணு இயக்கியோடு இணைந்து, வின்குலின், ஆக்டின் முதலிய மரபணுக்களைப் படியெடுக்க வைக்கிறது. லண்டனில் ரிச்சர்ட் டிரைஸ்மனின் குழுவினர் 1999இலும் 2003இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த வரிசையை நிறுவின. எஸ்ஆர்எஃப் இயக்கும் மரபணுக்கள் எல்லாம் ஒரே வழியில் இயங்குவதில்லை. சி-ஃபாஸ், எக்ர்-1 போன்றவை மெக், எர்க் என்னும் கைனேஸ்களின் (பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகளின்) கிளையைச் சார்ந்தவை. வின்குலின் ஆக்டின் கிளையைச் சார்ந்தது. இந்தப் பிரிவு நமக்குப் பெரிய வசதி: ஒரே தட்டில் இரண்டு கிளைகளையும் அளந்தால், நம் சேர்மம் எந்தக் கிளையைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டிய சேர்மங்கள்

லாட்ரன்குலின், சைட்டோகலாசின் டி ஆகிய இரண்டும் இந்தச் செய்முறையின் உயிர்நாடி. முன்னது செங்கடல் கடற்பஞ்சிலிருந்தும் பின்னது பூஞ்சையிலிருந்தும் கிடைத்தவை. செல்லைப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் தோன்றும்: ஆக்டின் இழைகள் சிதைந்து, ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) சுருங்கி, கிளைபிரிந்த மரக்கொம்பு போல நிற்கும். ஆனால் வின்குலின் மரபணுவின் விடை நேர் எதிரானது. லாட்ரன்குலின் தனி ஆக்டின் அலகைப் பற்றிக்கொண்டாலும் எம்ஆர்டிஎஃபை அதனிடமிருந்து விடுவிப்பதில்லை. தனி அலகுகளின் இருப்பு கூடுவதால் மரபணு அடங்கியே இருக்கும். சைட்டோகலாசின் டி, எம்ஆர்டிஎஃபை ஆக்டினிடமிருந்து விலக்கிவிடுவதால், இழைகள் சிதைந்த நிலையிலும் மரபணு இயங்கத் தொடங்கும். நுண்ணோக்கியில் தெரியும் சட்டகத்தின் தோற்றத்தை வைத்து மரபணுவின் நிலையை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இந்த இணையைப் புரிந்துகொண்டவர் தம் சோதனையைத் தாமே வடிவமைத்துக்கொள்ள முடியும்.

இவற்றோடு மெக் கைனேஸைத் தடுக்கும் யூ0126 வேண்டும். ரோவின் ஏவலில் இயங்கும் ராக் கைனேஸைத் தடுக்கும் ஒய்-27632 இருந்தால் நல்லது. இழைகளை நிலைப்படுத்தும் ஜாஸ்பிளாகினோலைடும் மரபணுவை இயக்கும். ஆனால் அது, ஆக்டின் இழைகளுக்குச் சாயமேற்றும் ஃபாலாய்டின் ஒட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால், அதைக் கொடுத்த செல்களில் ஃபாலாய்டின் சாயம் ஏறாது. சாயம் ஏறாததை இழை இல்லாததாக எண்ணிவிட வேண்டாம். எம்ஆர்டிஎஃப் வழியைத் தடுப்பதாக விற்கப்படும் சிசிஜி-1423 செல்களுக்கு நஞ்சாகவும் அமைவதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

செறிவைப் பொறுத்தவரை, நாம் பயன்படுத்தும் என்ஐஎச் 3டி3 ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் லாட்ரன்குலின் பி 0.5 மைக்ரோமோலாரும், சைட்டோகலாசின் டி 2 மைக்ரோமோலாரும், யூ0126, ஒய்-27632 இரண்டும் 10 மைக்ரோமோலாரும் தொடக்கப் புள்ளிகள். வேறு செல் வகைக்கு மாறினால் குறைந்தது நான்கு செறிவுகளில் மறுபடி பார்த்துத்தான் நிச்சயிக்க வேண்டும்.

சேமிப்புக் கரைசலை எப்போதும் ஆயிரம் மடங்காகச் செய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால் வளர்ப்புத் தட்டின் எல்லாக் கிணறுகளிலும் (செல் வளரும் குழிகளிலும்) கரைப்பானான டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதமாகவே நிற்கும். ஒப்பீட்டுக் கிணற்றுக்கும் அதே 0.1 சதவீதத்தைக் கொடுப்பது எளிதாகிவிடும். சைட்டோகலாசின் டியின் மூலக்கூற்று எடை 507.6 என்பதால், 1 மில்லிகிராமை 985 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 2 மில்லிமோலார் கிடைக்கும். அதைச் சிறு குழாய்களில் பங்கிட்டு உறையவைத்து, ஒரு குழாயை ஒரு முறை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இங்கே நம் ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையை ஒட்டிய காசிமேடு, ராயபுரம் பகுதிகளில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். ஃபிரீசரிலிருந்து எடுத்த குழாயை உடனே திறந்தால் உட்சுவரில் நீர் படியும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே வைத்து, ஒரு நொடி சுழற்றி இறக்கி, பிறகு திறங்கள். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரி செல்சியஸில் உறையும் என்பதால், குளிரூட்டி அதிகமாக ஓடும் அறையில் பாதி உறைந்த கரைசலைப் பிப்பெட்டில் எடுத்து அளவு தவறுவதும் உண்டு. கரைசல் முழுதும் தெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரிஸ், கிளைசின், மெத்தனால் போன்ற பொதுப் பொருள்கள் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் கிடைத்துவிடும். தரக்குறியைப் பார்த்து வாங்கினால் போதும். உலர்பனியில் வரும் ஆன்டிபாடியும் சேர்மங்களும் வேறு கதை. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் பார்சல் வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை வந்து சேரும்படி எதையும் கேட்காதீர்கள். வார நடுவில் வரும்படி கேட்டு, பெட்டியைத் திறந்ததும் உலர்பனி மிச்சம் இருந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பஃபருக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சி வடித்ததே போதும் என்று எண்ண வேண்டாம். இப்பகுதியின் பல தெருக்களில் நிலத்தடி நீர் உப்பு மிகுந்தது. வடிகலன் சரியாகப் பராமரிக்கப்படாவிட்டால் அந்த உப்பு உடன் வரும். கடத்துதிறனை அளந்து பார்த்தபின் பயன்படுத்துங்கள்.

செல்களைத் தயார்செய்தல்

என்ஐஎச் 3டி3 எலி ஃபைப்ரோபிளாஸ்ட்களைப் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து பெறலாம். அவற்றை ஒருபோதும் தட்டு நிறையும்வரை விடக் கூடாது. 70 முதல் 80 சதவீதம் பரவியதும் பிரித்துவிட வேண்டும். நிறைந்த தட்டில் கிடந்த செல்கள் தம் இயல்பு மாறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியத் தொடங்கும். அதன்பின் அவற்றில் எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை.

செல் அடர்த்தியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் சேர்மமே இல்லாமல் வின்குலினை மாற்றும் முதல் காரணி அதுதான். செல்களின் வடிவமும் அவை ஒன்றையொன்று தொடும் அளவும் வின்குலின் உற்பத்தியை மாற்றுகின்றன என்பது 1986இலேயே காட்டப்பட்டுவிட்டது. நம் சேர்மம் செல்பெருக்கத்தைச் சற்றே தடுத்தாலும், மறுநாள் அந்தக் கிணற்றில் செல்கள் குறைவாக, பரந்து கிடக்கும். ஒப்பீட்டுக் கிணற்றில் நெருக்கமாக இருக்கும். அப்போது வின்குலினில் தெரியும் வேறுபாடு சேர்மத்தின் நேரடி விளைவா, இடைவெளியின் விளைவா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே எண்ணித்தான் விதைக்க வேண்டும், கண்ணளவு போதாது. ஆறு கிணற்றுத் தட்டில் ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் செல்கள் விதைத்து, தட்டை இன்குபேட்டருக்கு எடுத்துப் போகுமுன் ஹூட்டிலேயே சில நிமிடம் அசையாமல் வைத்தால், செல்கள் நடுவில் குவியாமல் சமமாகப் படியும். சோதனையின் முடிவில் ஒவ்வொரு வகைக் கிணற்றிலும் எண்ணிக்கையை மறுபடியும் எடுத்து, அதையும் முடிவுகளோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

விதைத்த மறுநாள் ஊடகத்தை எடுத்துவிட்டு, 0.5 சதவீதம் சீரம் கொண்ட ஊடகத்தை ஊற்றி 24 மணி நேரம் விடுங்கள். இந்தப் பட்டினியால் ஆக்டின் கிளை அடங்கி, பின்னர் வரும் தூண்டல் தெளிவாகத் தெரியும். 10 சதவீதம் சீரத்தில் இருக்கும் செல்களில் மரபணு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால், கூட்டும் சேர்மத்தின் விளைவு மங்கிவிடும். சீரத்தின் தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, ஒரு சோதனைத் தொடர் முழுவதையும் ஒரே தொகுதியில் முடிப்பது நல்லது.

பட்டினி கிடந்த செல்கள் மிக எளிதில் திடுக்கிடும். ஊடகத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே ஒரு தூண்டல். தட்டு வெளியே இருக்கும் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஊடகம் இளஞ்சிவப்பாக மாறுவதும் ஒரு மாற்றம்தான். ஆகவே சேர்மத்தைப் பட்டினி ஊடகத்திலேயே பத்து மடங்காகக் கலந்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, கிணற்றில் இருக்கும் ஊடகத்தோடு மெதுவாகச் சேர்த்துவிடுங்கள். எல்லாக் கிணறுகளுக்கும் ஒரே கொள்ளளவு சேர வேண்டும். மின்சாரம் போனால் இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்க்க வேண்டாம். மூடிய பெட்டி சிறிது நேரம் தாங்கும், திறந்த பெட்டி தாங்காது. நீண்ட மின்தடை வந்த நாளின் சோதனையைத் தனியாகக் குறித்து, மற்றவற்றோடு சராசரி எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

முதல் தட்டு

தெரியாத சேர்மம் எதையும் தொடுமுன், தெரிந்த விடை வருகிறதா என்று பார்க்க ஆறு கிணறுகள் கொண்ட ஒரே அமைப்பு போதும். முதல் கிணற்றில் பட்டினி ஊடகமும் டிஎம்எஸ்ஓவும், இரண்டாவதில் பட்டினியோடு சைட்டோகலாசின் டி, மூன்றாவதில் பட்டினியோடு லாட்ரன்குலின் பி, நான்காவதில் 15 சதவீதம் சீரமும் டிஎம்எஸ்ஓவும், ஐந்தாவதில் லாட்ரன்குலினுக்குப் பின் சீரம், ஆறாவதில் யூ0126க்குப் பின் சீரம். தடுப்பான்களைச் சீரத்துக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். எம்ஆர்என்ஏவுக்காக ஒரு தட்டு, புரதத்துக்காக ஒரு தட்டு, நுண்ணோக்கிக்காகக் கண்ணாடிச் சில்லுகள் வைத்த ஒரு தட்டு என்று அதே அமைப்பில் மூன்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒப்பிடுவது எளிது.

வின்குலின் எம்ஆர்என்ஏ, சீரம் கொடுத்த கிணற்றில் ஏறியிருக்க வேண்டும். லாட்ரன்குலின் அந்த ஏற்றத்தைத் தடுத்திருக்க வேண்டும். யூ0126 வின்குலினைப் பெரிதாகத் தடுக்காமல் எக்ர்-1ஐத் தடுத்திருக்க வேண்டும். சைட்டோகலாசின் டி சீரம் இல்லாமலேயே வின்குலினை ஏற்றியிருக்க வேண்டும். இந்த வடிவம் வராதவரை புதிய சேர்மத்தைச் சோதிக்கத் தொடங்க வேண்டாம். எங்கே தவறு என்பதைப் பெரும்பாலும் இந்த வடிவமே சொல்லிவிடும்: பட்டினிக் கிணற்றிலேயே வின்குலின் உயர்ந்திருந்தால் பட்டினி போதவில்லை அல்லது கையாளும்போது செல்கள் தூண்டப்பட்டுவிட்டன, லாட்ரன்குலின் தடுக்கவில்லையென்றால் சேர்மம் பழுதாகியிருக்கலாம்.

லாட்ரன்குலின் பியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சீரம் அதைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்கிறது. சில மணி நேரத்தில் முடியும் எம்ஆர்என்ஏ சோதனைக்கு இது தடையில்லை. புரதத்துக்காக ஒரு நாள் வைத்திருக்கும்போது, காலையில் சிதைந்த இழைகள் இரவுக்குள் மீண்டும் முளைத்திருக்கும். ‘தடுப்பான் வேலை செய்யவில்லை’ என்ற தவறான முடிவு அங்கேதான் பிறக்கிறது. நீண்ட நேரச் சோதனைக்கு லாட்ரன்குலின் ஏவைப் பயன்படுத்துங்கள்.

எப்போது அளப்பது

எக்ர்-1, சி-ஃபாஸ் ஆகியவற்றின் எம்ஆர்என்ஏ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். வின்குலினுக்குச் சில மணி நேரம் வேண்டும். ஆகவே அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று எடுத்தால் இரண்டு கிளைகளும் பிடிபடும். புரதம் மெதுவாகவே மாறும். வின்குலின் செல்லுக்குள் நெடுநேரம் நிலைத்திருக்கும் புரதம் என்பதால், எம்ஆர்என்ஏ பாதியாகக் குறைந்தாலும் புரதப் பட்டை உடனே குறையாது. நான்கு மணி நேரத்தில் பட்டை சரிபாதியானால், மரபணு அடங்கியதென்று எண்ணுவதைவிட, புரதம் வெட்டப்பட்டதா அல்லது வண்டலில் தங்கிவிட்டதா என்று ஐயுறுவதே சரி. 24 மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம். சைட்டோகலாசின் டி செல்பிரிவின் இறுதிக் கட்டத்தைத் தடுப்பதால் இரு கருக்கள் கொண்ட செல்கள் பெருகி, ‘ஒரு செல்லுக்கு எவ்வளவு’ என்ற கேள்வியே குழம்பிவிடும்.

புரதத்தைப் பிரித்தெடுத்தல்

மொத்த அளவை அறிய வேண்டுமானால் ட்ரைட்டன் கொண்ட மென்கரைசலைத் தவிர்த்து, எஸ்டிஎஸ் என்னும் வன்சோப்பு 1 சதவீதம் கொண்ட டிரிஸ் கரைசலை 95 டிகிரிக்குச் சூடாக்கி நேரடியாகக் கிணற்றில் ஊற்றுங்கள். அதற்குமுன் பனியில் குளிர்ந்த பிபிஎஸ் கரைசலால் இருமுறை கழுவி, தட்டைச் சாய்த்து, விளிம்பில் தேங்கும் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட வேண்டும். அங்கே மிஞ்சும் நீர் ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வோர் அளவாக இருப்பதே பல வேறுபாடுகளுக்குக் காரணம். சூடான கரைசல் பட்டதும் செல்கள் வெண்மையாகி மறையும். ஸ்கிரேப்பரால் ஒரு பக்கமாகத் தள்ளிச் சேர்க்கும்போது, டிஎன்ஏ விடுபட்டு, வடித்த கஞ்சியில் ஏடு இழுபடுவதுபோல் நூல் நூலாக இழுக்கும். பிப்பெட் முனையில் இந்த நூல் தொங்கும் நிலையில் அளவெடுத்தால் எண் தவறும். 26 கேஜ் ஊசி வழியே நூலிழுப்பு நிற்கும்வரை ஏற்றி இறக்குங்கள்; சொனிக்கேட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

புரத அளவை பிசிஏ என்னும் நிறமாற்ற முறையில் எடுங்கள். அது எஸ்டிஎஸ்ஸைத் தாங்கும்; ஆனால் மெர்காப்டோஎத்தனால், டிடிடி ஆகிய ஒடுக்கிகளைத் தாங்காது. ஆகவே அளந்து முடித்தபின்பே அவற்றையும் நீலச் சாயத்தையும் சேர்க்க வேண்டும்.

வின்குலின் இடம் மாறுகிறதா என்று அறிய, இணையான ஒரு கிணற்றில் முதலில் 0.5 சதவீதம் ட்ரைட்டன் கரைசலால் கரைவதை எடுத்துவிட்டு, தட்டிலேயே ஒட்டியிருக்கும் எச்சத்தைச் சூடான எஸ்டிஎஸ்ஸில் எடுங்கள். இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை மாறாமல் பங்கு மட்டும் மாறியிருந்தால், நம் சேர்மம் இணைப்பை மாற்றியது, உற்பத்தியை மாற்றவில்லை. இது எஸ்ரின், ராடிக்சின், மோயெசின் ஆகிய மற்ற இணைப்புப் புரதங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவை பாஸ்பேட் ஏறுவதாலும் இறங்குவதாலும் நிமிடக் கணக்கில் திறந்து மூடுபவை. பாஸ்பேட் ஏறிய வடிவத்தைக் காட்டும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மூன்றையும் சேர்த்தே காட்டும். அந்தப் பட்டை ஏறுவதை உற்பத்தி ஏறியதாக எழுதவே கூடாது.

ஜெல் 8 சதவீதம் போதும். மே மாதத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் ஜெல் ஊற்றுபவர்கள், ஜெல்லை இறுகவைக்கும் டெமெட் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சீப்பைச் செருகுமுன்பே ஜெல் இறுகிவிடும். பெரிய புரதம் என்பதால் மாற்றுக் கரைசலில் மெத்தனாலை 10 சதவீதமாகக் குறைத்து, குளிர் அறையில் 30 வோல்ட்டில் இரவு முழுவதும் மாற்றுவது நம்பகமானது. செய்முறைத் தாள்களில் ‘அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம்’ என்று எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரியைக் குறிக்கிறது. தண்டையார்பேட்டையின் கோடைப் பிற்பகலைக் குறிக்கவில்லை. முதல் ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுவதும் வைப்பதே நமக்கு ஏற்றது.

சமநிலைக்கு பீட்டா ஆக்டினை வைக்காதீர்கள். மாற்றிய சவ்வைப் பான்சோ எஸ் சாயத்தில் நனைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு வரிசையின் மொத்தப் புரதத்தையே வகுக்கும் எண்ணாகக் கொள்ளுங்கள். பெரிய புரதங்களை ஆய்வோர் வின்குலினையே சமநிலைப் பட்டையாக வைப்பதையும் பார்க்கலாம். ஆக்டின் சட்டகத்தைத் தொடும் எந்தச் சேர்மத்தைச் சோதிக்கும்போதும் அது பொருந்தாது. மேலும், ஒரே மாதிரியை 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஏற்றி, பட்டையின் அடர்த்தி அளவோடு சேர்ந்து நேராக ஏறும் எல்லையை முதலிலேயே கண்டுகொள்ளுங்கள். அந்த எல்லைக்கு வெளியே எடுத்த படத்தில் இரு மடங்கு வேறுபாடும் ஒன்றுபோலவே தெரியும்.

எம்ஆர்என்ஏ

இங்கும் அதே எச்சரிக்கை: பீட்டா ஆக்டின் ஒப்பீட்டு மரபணு ஆகாது. சீரம் கொடுத்தால் அதுவும் ஏறும். அதனால் வகுத்தால் வின்குலினின் ஏற்றம் மறைந்துபோகும். எச்பிஆர்டி, டிபிபி போன்ற இரண்டு மரபணுக்களையாவது எடுத்து, அவை நம் நிலைமைகளில் மாறாமல் நிற்கின்றனவா என்று காட்டிவிட்டு, அவற்றின் சராசரியால் வகுக்க வேண்டும். பீட்டா ஆக்டினை விலக்க வேண்டிய அவசியமில்லை. அளக்கப்படும் மரபணுக்களின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டால், ஆக்டின் கிளை விழித்ததற்கு இரண்டாவது சாட்சி கிடைக்கும்.

எம்ஆர்என்ஏ கூடியது படியெடுப்பு கூடியதாலா, சிதைவு குறைந்ததாலா என்பதைப் பிரிக்க ஆக்டினோமைசின் டி உதவும். சேர்மம் கொடுத்த செல்களிலும் கொடாத செல்களிலும் படியெடுப்பை நிறுத்திவிட்டு, எம்ஆர்என்ஏ தேயும் வேகத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் தேய்ந்தால், ஏற்றம் படியெடுப்பிலிருந்து வந்தது. புரதத்துக்கு இதே கேள்வியை, புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு கொண்டு கேட்கலாம். புரதச் சிதைவைத் தடுக்கும் எம்ஜி132 கொடுத்ததும் வின்குலின் மீண்டால், சேர்மம் புரதச் சிதைவைத் தூண்டியிருக்க வாய்ப்புண்டு. இவை எல்லாம் சில மணி நேரச் சோதனைகள். நீண்ட நேரம் வைத்தால் செல்கள் இறக்கத் தொடங்கி விடை திரிந்துவிடும்.

நுண்ணோக்கி

4 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, வின்குலின் ஆன்டிபாடியும் ஃபாலாய்டினும் சேர்த்துச் சாயமேற்றுங்கள். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் ஃபாலாய்டின் ஒட்டாது. ஒப்பீட்டுச் செல்லில், ஆக்டின் இழைகளின் முனைகளில் செல்லின் விளிம்பை நோக்கி நீண்ட சிறு கீற்றுகளாக வின்குலின் தெரியும். ஒய்-27632 கொடுத்த செல்லில் அந்தக் கீற்றுகள் மறைந்து, வின்குலின் செல் முழுதும் மங்கலாகப் பரவியிருக்கும். மொத்த அளவோ அதே நேரத்தில் பெரிதாக மாறியிராது. எம்ஆர்டிஎஃப் ஆன்டிபாடி கிடைத்தால் அதையும் சேர்த்து, உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் அதன் ஒளிர்வை அளந்து விகிதம் எடுங்கள். எந்தக் கிணறு எது என்று அறியாத ஒருவர் செல்களைத் தேர்ந்தெடுத்துப் படமெடுக்க வேண்டும். விரும்பிய விடையைக் காட்டும் செல்லைத் தேடிப் பிடிப்பது மனித இயல்பு.

புதிய சேர்மத்தைச் சோதித்தல்

முதல் தட்டின் வடிவம் மூன்று தனித்தனிச் சோதனைகளில் வந்தபின், உங்கள் சேர்மத்தைப் பட்டினிச் செல்களுக்குத் தனியாகவும் லாட்ரன்குலினோடு சேர்த்தும் கொடுங்கள், சீரத்தோடும் கொடுங்கள். தனியாகக் கொடுத்தபோது வின்குலின் ஏறி, லாட்ரன்குலின் அதை அடக்கினால், சேர்மம் ஆக்டின் கிளை வழியே வேலை செய்கிறது என்று சொல்ல இடமுண்டு. லாட்ரன்குலின் அடக்காவிட்டால், அது சைட்டோகலாசினைப் போல எம்ஆர்டிஎஃபை நேரடியாக விடுவிக்கிறதா, வேறு வழியில் மரபணுவைத் தொடுகிறதா என்று தேட வேண்டும். ஹிஸ்டோன் அசிட்டைல் நீக்கிகளைத் தடுக்கும் ட்ரைக்கோஸ்டாடின் ஏ போன்றவை பல மரபணுக்களை ஒரே நேரத்தில் ஏற்றி இறக்குபவை. அத்தகைய சேர்மத்தில் வின்குலின் மட்டும் மாறியதாக எழுதுவது பொருந்தாது.

நம் கல்லூரிகளில் நிலவேம்பு, கீழாநெல்லி போன்ற மூலிகைச் சாறுகளைச் செல்களுக்குக் கொடுத்துப் பார்ப்பவர்கள் பலர். அது மதிக்கத்தக்க முயற்சியே. ஆனால் சாறு என்பது ஒரு சேர்மம் அன்று. அதிலுள்ள பாலிஃபீனால்கள் செல் உயிர்ப்பைக் காட்டப் பயன்படும் எம்டிடி சாயத்தைச் செல்லே இல்லாத கிணற்றிலும் நிறம் மாற்றக்கூடியவை என்பதால், செல் உயிர்த்திருக்கிறதா என்பதை ட்ரிப்பான் நீலம் கொண்டு எண்ணியும் உறுதிசெய்ய வேண்டும். சாறு மட்டும் ஊற்றிய, செல் இல்லாத கிணறு ஒவ்வொரு தட்டிலும் இருந்தே ஆக வேண்டும். சாற்றில் விளைவு தெரிந்தால், அதைப் பகுதிகளாகப் பிரித்து, விளைவு எந்தப் பகுதியோடு போகிறது என்று பின்தொடர்வதுதான் அடுத்த வேலை. ‘மூலிகை வின்குலினைக் கூட்டும்’ என்று அறிவிப்பது அன்று.

ஒரே தட்டின் மூன்று கிணறுகள் மூன்று சோதனைகள் ஆகா. வேறு நாளில், வேறு முறை பிரித்த செல்களில், புதிதாகக் கலந்த கரைசலில் செய்ததையே தனிச் சோதனையாக எண்ண வேண்டும். கிணறுகளை எண்ணிப் புள்ளியியல் செய்தால் எந்தச் சிறு வேறுபாடும் பொருளுள்ளதாகத் தோன்றும். ஒவ்வொரு சோதனையின் மதிப்பையும் தனிப் புள்ளியாக வரைந்து காட்டினால், படிப்பவர் தாமே மதிப்பிட்டுக்கொள்வார்.

கழிவு

சைட்டோகலாசின் டியும் ஆக்டினோமைசின் டியும் கொடிய நஞ்சுகள். தூளாக எடைபோடாமல், குப்பியிலேயே டிஎம்எஸ்ஓவை ஊற்றிக் கரையுங்கள். கையுறை இரண்டு அடுக்காக அணியுங்கள். டிஎம்எஸ்ஓ தோல் வழியே தானும் ஊடுருவி, தன்னில் கரைந்ததையும் உடன் இழுத்துச் செல்லக்கூடியது. செல்நச்சு மருந்துகள் கலந்த ஊடகத்தையும் பிப்பெட் முனைகளையும் 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் குறிப்பிடும் மஞ்சள் வகையில் சேர்த்து, எரிப்புக்கு அனுப்ப வேண்டும். இறுகாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. மிஞ்சியதை இறுகவிட்டுத்தான் அகற்ற வேண்டும். மெத்தனால் கலந்த மாற்றுக் கரைசலுக்குத் தனிக் கலன் வைத்து, பெயரும் தேதியும் எழுதி, கல்லூரியின் ரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். இவற்றில் எதையும் கைகழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. வியாசர்பாடி வழியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிப் போகிறது. அங்கே இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.